உள்ளே காயாத ஈரம்

(திருவருகைக் காலம் இரண்டாம் ஞாயிறு – வானொலி மறையுரை)



திருவருகைக் காலத்தின் இரண்டாம் ஞாயிறு இது. பாலைநிலத்தில் நின்று, வரவிருக்கும் ஆண்டவருக்காக வழியைச் செம்மையாக்கச் சொன்ன திருமுழுக்கு யோவானை இந்நாள்களில் நாம் நினைக்கிறோம். நம் வீடுகளிலும் ஆயத்த வேலைகள் தொடங்கிவிட்டன. சுவருக்கு வெள்ளை அடிக்கிறோம், குடிலுக்கு வைக்கோல் தேடுகிறோம், பரணில் கிடக்கும் நட்சத்திரத்தை இறக்கித் தூசு தட்டுகிறோம். இதே மாதங்கள்தான் நமக்கு வடகிழக்குப் பருவமழைக் காலமும். எனவே சில ஆண்டுகளில் கிறிஸ்து பிறப்புக்கான ஆயத்தம் என்பது வெள்ளை அடிப்பதாக இருப்பதில்லை, சேறு அள்ளுவதாக இருக்கிறது.

அப்படி ஓர் ஆண்டில் நடந்ததை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம். இது ஒரு கம்பளத்தின் கதை. அதில் எங்கள் தவறும் இருக்கிறது. அதை மறைக்காமல் சொல்லத்தான் இங்கே வந்திருக்கிறோம்.

2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் சென்னையில் பெய்த மழையை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். மறுநாள் காலைவரையான இருபத்துநான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 செ.மீ. மழை. அடையாறு கரை கடந்து ஊருக்குள் வந்தது. அந்த ஆற்றை ஒட்டிய ஒரு பங்கில் பங்குத்தந்தையும் துணைப் பங்குத்தந்தையுமாக நாங்கள் இருவர் அப்போது பணியில் இருந்தோம். நள்ளிரவுக்குப் பிறகு தண்ணீர் கோவிலுக்குள் வந்தது. நற்கருணையை எடுத்துக்கொண்டு மாடி அறைக்குப் போனோம். விடியும்போது கீழே இடுப்பளவு தண்ணீர். பீடத்தின் மேடை மூன்று படி உயரம். அங்கேயும் ஒரு சாண் நின்றது. மாடியில் சுமார் நாற்பது குடும்பங்கள். கோவிலைப் பற்றி நினைக்க அப்போது யாருக்கும் நேரமில்லை. அது சரிதான். கோவில் காத்திருக்கும், குழந்தையின் பசி காத்திருக்காது.

டிசம்பர் 4 அன்று தண்ணீர் வடிந்தது. சேறு மட்டும் தங்கியது. அந்தச் சேற்றின் நாற்றம் உங்களில் பலருக்குத் தெரியும். மழைநீர் மட்டும் வந்திருந்தால் அப்படி நாறாது. சாக்கடையும் கழிவுநீர்த் தொட்டிகளும் பொங்கி அதோடு கலந்திருந்தன.

கோவிலில் இரண்டு கம்பளங்கள் இருந்தன. ஒன்று வாசல் முதல் பீடம்வரை நடுப்பாதையில் ஒட்டப்பட்டிருந்த சிவப்புக் கம்பளம். செயற்கை இழையில் நெய்தது. அடியில் மெத்தென்று இருக்க ஸ்பாஞ்சு விரித்து ஒட்டியிருந்தார்கள். இரண்டாவது, பீடத்தின் முன் விரிக்கும் சிறு கம்பளம். ஐந்தடி அகலம், எட்டடி நீளம், நல்ல கம்பளி, கையால் முடிந்தது. அதைக் கொடுத்தவர் எங்கள் பங்கைச் சேர்ந்த கைம்பெண் ஒருவர். அவருடைய ஒரே மகன் வளைகுடாவில் வேலை பார்த்தவர். முதல் விடுமுறையில் வந்தபோது அம்மாவுக்காக அதைத் தோளில் சுமந்து கொண்டுவந்தார். இரண்டாம் விடுமுறைக்கு அவர் வரவில்லை. விபத்தில் இறந்த அவருடைய உடல்தான் வந்தது. முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலி அன்று அந்த அம்மா கம்பளத்தைக் கோவிலுக்குக் கொடுத்துவிட்டார். “வீட்டுல விரிச்சா மிதிக்க மனசு வரல சாமி, ஆண்டவர் காலடியில கிடக்கட்டும்” என்றார்.

இப்போது எங்கள் தவறுக்கு வருகிறோம்.

டிசம்பர் 6 ஞாயிறு. எப்படியாவது கோவிலில் திருப்பலி வைத்துவிட வேண்டும் என்று முந்தின நாள் இளைஞர்களோடு சேர்ந்து சேற்றைத் தள்ளினோம். சிறு கம்பளத்தைச் சுருட்டி வராந்தாவில் நிறுத்திவைத்தோம். நனைந்தபடியே சுருட்டினோம். ஒரு வாரத்துக்கும் மேலாக அது அப்படியே நின்றது. நடுப்பாதைக் கம்பளம் ஒட்டியபடியே கிடந்தது. குழாய்த் தண்ணீரை அதன்மேல் பீய்ச்சியடித்து, துடைப்பத்தால் தேய்த்து, பினாயில் ஊற்றினோம். மின்சாரம் வந்தபிறகு மின்விசிறிகளை ஓடவிட்டோம். நான்கு நாளில் கையால் தொட்டுப் பார்த்தால் காய்ந்திருந்தது. சிறு கம்பளத்தையும் பிரித்து, மேலாக அலசி, இரண்டு நாள் வெயிலில் போட்டு, டிசம்பர் 22 அன்று பீடத்தின் முன் விரித்தோம். கொஞ்சம் வாடை இருந்தது. வாசனைத் திரவியம் தெளித்தோம். கிறிஸ்து பிறப்பு இரவில் சாம்பிராணிப் புகையும் சேர்ந்துகொண்டது. பார்த்தவர்கள் எல்லாரும், “வெள்ளம் வந்த கோவில் மாதிரியே இல்ல ஃபாதர்” என்று பாராட்டினார்கள். எங்களுக்கும் பெருமையாக இருந்தது.

அன்று இரவு திருப்பலி முடிந்து பாலன் இயேசுவை முத்தி செய்ய மக்கள் வரிசையில் வந்தார்கள். அந்த அம்மாவும் வந்தார். கம்பளத்தில் முழந்தாளிட்டார். எழுந்தவர் எங்கள் முகத்தைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: “சாமி, இது காயல.”

“இல்லம்மா, நல்லா காஞ்சிடுச்சு” என்றோம்.

அவர் மறுபேச்சு பேசவில்லை. போய்விட்டார். அவர் உடுத்தியிருந்த வெள்ளைச் சேலையில், முழங்கால் பட்ட இடத்தில், இரண்டு பழுப்புக் கறைகள் இருந்ததை அப்போதுதான் கவனித்தோம். நாங்கள் சொன்ன பொய்யைக் கம்பளமே காட்டிக்கொடுத்துவிட்டது.

விழா நாள் கழிந்து, டிசம்பர் 26 காலையில் அந்தக் கம்பளத்தைத் தூக்கினோம். அடிப்பக்கம் முழுவதும் கறுப்புப் பூஞ்சை. எங்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்போது கோவிலைப் பெருக்கிக்கொண்டிருந்த உபதேசியார், “பின்வரிசையில உக்காருவாரே அந்தப் பெரியவர், சார்ஜாவுல பதினேழு வருசம் கம்பளம் கழுவுறதுதான் அவருக்கு வேல” என்றார்.

தூத்துக்குடிப் பக்கத்துக்காரர் அவர். வளைகுடாவிலிருந்து திரும்பி வந்தபின் ஒரு குடியிருப்பில் இரவுக் காவலராக இருந்தார். வெள்ளத்தில் அவர் வீடும் மூழ்கியது. எங்கள் மாடியில் தங்கிய நாற்பது குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. உணவுப் பொட்டலம் கொடுக்கும்போது தினமும் அவர் முகத்தைப் பார்த்திருக்கிறோம். அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். அவருக்கு என்ன தெரியும் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

“அண்ணே, நீங்க முதல்லயே சொல்லியிருக்கலாமே” என்றோம்.

“யாரும் கேக்கல சாமி. நானும் என் வீட்டுச் சேத்த அள்ளிட்டிருந்தேன்” என்றார். அவர் குரலில் குறை சொல்லும் தொனி இல்லை. அதனாலேயே அது எங்களைச் சுட்டது.

அன்புக்குரியவர்களே, அடுத்த சில நாள்களில் அவரிடமிருந்து நாங்கள் கற்றுக்கொண்டதை உங்களுக்கும் சொல்லவேண்டும். மழைக்காலத்தில் உங்கள் வீட்டுக்கும் இது உதவும்.

முதலில் அவர் எந்தக் கருவியும் கேட்கவில்லை. முழந்தாளிட்டு உட்கார்ந்தார். வெள்ளைக் கைக்குட்டையைக் கம்பளத்தின்மேல் வைத்து முழு பலத்தோடு அழுத்தினார். எடுத்துப் பார்த்தார். பழுப்பாக இருந்தது. குனிந்து முகர்ந்தார். பிறகு சொன்னார்: “சாமி, கம்பளி பொய் சொல்லும். தன் எடையில மூணுல ஒரு பங்கு ஈரத்த உள்ள வாங்கி வச்சுக்கிட்டு, தொட்டா காஞ்ச மாதிரியே இருக்கும்.”

அடுத்து, தண்ணீரை மூன்று வகையாகப் பிரித்துச் சொன்னார். குழாய் உடைந்து வரும் நல்ல தண்ணீர் முதல் வகை. துணி துவைத்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர் போன்றது இரண்டாம் வகை. சாக்கடை, ஆற்றுவெள்ளம், கழிவுநீர் மூன்றாம் வகை. எந்தத் தண்ணீர் பட்டது என்று தெரிந்தபிறகுதான் கம்பளத்தைக் காப்பாற்றலாமா, எறிந்துவிட வேண்டுமா என்று முடிவெடுக்க முடியும். நல்ல தண்ணீரும் தேங்கி நின்றால் கெட்ட வகைக்கு மாறிவிடும். ஒரு நாள், அதிகம் போனால் இரண்டு நாள். அதற்குள் காயவைக்காவிட்டால் பூஞ்சை வேர்பிடிக்கத் தொடங்கும்.

நடுப்பாதைக் கம்பளத்தின் ஓரத்தைக் கத்தியால் கிளப்பிக் காட்டினார். அடியில் இருந்த ஸ்பாஞ்சை விரலால் அழுத்தியதும் கறுப்புத் தண்ணீர் வழிந்தது. மூன்று வாரத்துக்கு முந்தைய வெள்ளநீர்! நாங்கள் மின்விசிறி போட்டுக் காயவைத்தது மேலே உள்ள இழைகளை மட்டுமே. கம்பளத்தின் அடிப்பாகத்தில் இரண்டு அடுக்குத் துணியைப் பசையால் ஒட்டியிருப்பார்கள். அந்தப் பசை ஊறி இளகி, அடுக்குகள் தனித்தனியாகப் பிரிந்து வந்தன.

“இது போயிடுச்சு சாமி. இத வச்சுக்கிட்டு இருக்கிறது தப்பு. சின்னப் பிள்ளைங்க இதுமேல உக்காந்து செபம் சொல்லுதுங்க” என்றார்.

பங்குப் பேரவையில் ஒருவர் வருத்தப்பட்டார். கம்பளத்துக்கு எத்தனை குடும்பங்கள் காணிக்கை கொடுத்தன, இந்த வெள்ளக் காலத்தில் புதியது வாங்கப் பணத்துக்கு எங்கே போவது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் கிறிஸ்து பிறப்பு விழாவிலிருந்து பாட்டுக் குழுவில் மூன்று பிள்ளைகள் இருமிக்கொண்டே இருந்ததை நாங்கள் நினைத்துப் பார்த்தோம். கம்பளத்தை எடுக்க முடிவு செய்தோம்.

இளைஞர்கள் கையுறையும் முகக்கவசமும் காலில் ரப்பர் பூட்சும் அணிந்துகொண்டார்கள். பெரியவர் கம்பளத்தை இரண்டடிப் பட்டைகளாக வெட்டித் தந்தார். ஊறிய கம்பளத்தை முழுதாகத் தூக்கினால் முதுகு போய்விடும் என்றார். ஒவ்வொன்றையும் சுருட்டி, பிளாஸ்டிக் பையில் கட்டி வெளியே கொண்டுபோனார்கள். தரையைச் சோப்பு நீரால் தேய்த்துக் கழுவி, பிறகு பிளீச்சிங் கரைசலால் துடைத்தார்கள். அதோடு முடியவில்லை. தரையும் தண்ணீர் குடித்திருக்கும் என்றார் பெரியவர். ஓர் அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளைத் தரையில் வைத்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டி, இரவு முழுவதும் விட்டார். காலையில் தாளின் அடியில் முத்து முத்தாக நீர்த்துளிகள். “பாத்தீங்களா, இன்னும் விடுது” என்றார். ஜன்னல்களைத் திறந்துவைத்து மேலும் சில நாள் காத்திருந்தோம். மூன்றாம் முறை வைத்த தாள்தான் உலர்ந்து வந்தது.

இனி அந்த அம்மாவின் கம்பளம். எங்களுக்கு அதுதான் பெரும் பாரமாக இருந்தது. “இதையும் எறியணுமா அண்ணே?” என்று கேட்டோம்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. கம்பளத்தைத் திருப்பிப்போட்டு, அடியில் ஓடும் பருத்தி நூலை ஒவ்வோர் இடமாகப் பிடித்து இழுத்துப் பார்த்தார். ஒரு மூலையில் நூல் நைந்து, கையோடு வந்துவிட்டது. மற்ற இடங்களில் தாங்கியது. பிறகு சொன்னார்: “இது தனியா விரிச்ச கம்பளம். ஒட்டல, அடியில ஸ்பாஞ்சு இல்ல. அதனால முழுசா முக்கிக் கழுவ முடியும். ஆனா அந்த மூலை பொழைக்காது. மிச்சமும் பொழைக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். இத நான் அந்த அம்மாகிட்ட நேர்ல சொல்லணும். அவங்க சரின்னு சொன்னாத்தான் கைவைப்பேன்.”

அவரோடு நாங்களும் போனோம். முதலில் நாங்கள் பேசினோம். ஈரத்தோடு சுருட்டி வைத்ததையும், காயாததைக் காய்ந்தது என்று சொன்னதையும் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டோம். குருக்கள் மன்னிப்புக் கேட்பதைக் கண்டு அந்த அம்மா பதறி எழுந்து நின்றார். பிறகு பெரியவர், எது பிழைக்கும், எது பிழைக்காது என்று ஒளிக்காமல் சொன்னார். அந்த அம்மா சற்று நேரம் அழுதார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “மூலைதானே போவுது. பிள்ளையே போயிட்டான். கழுவுங்க அண்ணே” என்றார்.

கோவில் முற்றத்தில் சாய்வான சிமெண்டுத் தரையில் அவர் வேலை செய்த விதத்தை நாங்கள் பக்கத்தில் இருந்து பார்த்தோம். முதலில் நைந்த மூலையை வெட்டி எடுத்து, நூல் பிரியாமல் ஓரம் தைத்தார். பூஞ்சை காற்றில் பறக்காதபடி முகக்கவசம் அணிந்து, திறந்த வெளியில் வைத்து அடிப்பக்கத்தை நனைத்துத் தேய்த்தார். கம்பளியில் பிளீச்சிங் படக்கூடாது, படின் இழையே கரைந்துபோகும் என்று அதைத் தூர வைக்கச் சொன்னார். கம்பளிக்கும் ஆகும் கிருமிநாசினியைத் தேடி வாங்கிவரச் செய்து, அதில் ஊறவைத்தார். பிறகு குளிர்ந்த நீர், மென்மையான சோப்பு. கம்பளியின் முடி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமாகவே பிரஷ் போட்டார். அலசினார், மறுபடி அலசினார். நாங்கள், “போதும் அண்ணே, சோப்பு போயிடுச்சு” என்றோம். “மேல பாக்காதீங்க சாமி, கீழ ஓடுற தண்ணியப் பாருங்க. அது தெளியணும்” என்றார். கடைசி அலசலில் நிறம் ஓடாதிருக்கக் கொஞ்சம் வினிகர் சேர்த்தார். தண்ணீரைப் பலகையால் வழித்து வெளியேற்றினார். காற்றில் காயவைப்பதைவிட, முதலில் எவ்வளவு தண்ணீரை இழுத்து வெளியேற்றுகிறோமோ அதுதான் பாதி வேலை என்றார். கடைசியாக, இரு பக்கமும் காற்றுப் படும்படி நிழலில் மூங்கில்மேல் தொங்கவிட்டார். எத்தனை நாள் ஆகும் என்று கேட்டோம். “அது சொல்லும்” என்றார்.

2016 பிப்ரவரி 2, ஆண்டவரைக் காணிக்கையாக்கிய விழா. அன்று அந்தக் கம்பளத்தைப் பீடத்தின் முன் மீண்டும் விரித்தோம். ஒரு மூலை இல்லை. சில இடங்களில் நிறம் மங்கியிருந்தது. அந்த அம்மா வந்து முழந்தாளிட்டு, உள்ளங்கையால் தடவி, வெட்டித் தைத்த ஓரத்தில் சற்று நேரம் கையை வைத்திருந்தார். பிறகு திரும்பி, பின்வரிசையில் இருந்த பெரியவரைப் பார்த்துக் கைகூப்பினார். நடுப்பாதைக்கு நாங்கள் அதன்பின் கம்பளம் வாங்கவே இல்லை. வெறும் தரைதான். அது நல்லதாகவே பட்டது.

அன்புக்குரியவர்களே, இதிலிருந்து மூன்று காரியங்களை நாம் நெஞ்சில் வைத்துக்கொள்வோம்.

முதலாவது, பின்வரிசை. நம் ஒவ்வொரு பங்கிலும், ஒவ்வோர் அன்பியத்திலும், ஏதோ ஒரு கைத்தொழிலை வாழ்நாள் முழுவதும் செய்து தேர்ந்தவர்கள் பின்வரிசையில் அமைதியாக உட்கார்ந்திருக்கிறார்கள். வளைகுடாவிலிருந்து திரும்பியவர்களைப் பார்த்து, “எவ்வளவு சம்பாதிச்சீங்க?” என்று கேட்கிறோம். “என்ன வேலை கத்துக்கிட்டீங்க?” என்று கேட்பதில்லை. 2024 ஏப்ரல் 16 அன்று ஐக்கிய அரபு அமீரகத்தில், 1949இல் பதிவுகள் தொடங்கியதிலிருந்து காணாத மழை கொட்டியது. அல் ஐன் பகுதியில் ஓர் இடத்தில் ஒரே நாளுக்குள் 254 மி.மீ. பாலைநில நகரங்களின் வீடுகளும் கடைகளும் மூழ்கின. வெள்ளம் வடிந்தபின் ஊறிய கம்பளங்களைச் சுமந்து கழுவும் வேலை அங்கே யாருக்கு வரும்? நம் பிள்ளைகளைப் போல் கடல் கடந்து போன தொழிலாளருக்குத்தான். அவர்கள் அனுப்பும் பணத்தில் அந்த ஈரத்தின் வாடை இருக்காது. ஆனால் அவர்களுடைய முதுகும் கைகளும் அதை அறியும். சீடர்களின் பாதங்களைக் கழுவ இடுப்பில் துண்டு கட்டிக் குனிந்தவர் நம் ஆண்டவர். பிறர் மிதித்ததைக் குனிந்து கழுவும் எந்தத் தொழிலும் அவருக்கு அந்நியமானது அல்ல.

இரண்டாவது, உண்மையைச் சொல்லும் அன்பு. காப்பாற்ற முடியாததை முடியும் என்று சொல்வது அன்பு அல்ல. காப்பாற்றக் கூடியதை அவசரத்தில் எறிவதும் விவேகம் அல்ல. அந்தப் பெரியவர் ஒவ்வோர் இழையாக இழுத்துப் பார்த்தார், பிறகுதான் பேசினார். 2018 ஆகஸ்டில் கேரளத்தில் பெருவெள்ளம் வந்தபோது, சேந்தமங்கலம் என்னும் நெசவாளர் ஊரில், ஓணத்துக்காக நெய்து வைத்திருந்த சேலைகள் சேற்றில் நாசமாயின. சேலையாக அவற்றை விற்க முடியாது என்பது உண்மை. அந்த உண்மையை ஏற்றுக்கொண்ட சிலர், துணியைக் கழுவிக் கிருமி நீக்கி, சிறு சிறு பொம்மைகளாகக் கட்டினார்கள். கறை கறையாகவே இருந்தது. ‘சேக்குட்டி’ என்று பெயரிட்ட அந்தப் பொம்மைகளை மக்கள் விரும்பி வாங்கினார்கள், பணம் நெசவாளருக்குச் சென்றது. பழையபடி ஆகாது என்று ஒப்புக்கொண்ட இடத்தில்தான் புதிய வழி பிறந்தது. நம் குடும்பங்களிலும் அப்படித்தான். சில உறவுகள் பழையபடி ஆகாமல் போகலாம். ஒரு மூலை இல்லாமல் போகலாம். அதற்காக முழுவதையும் எறிந்துவிட வேண்டியதில்லை.

மூன்றாவது, உள்ளே காயாத ஈரம். அந்த வெள்ளத்தின்போது எங்கள் இளைஞர்களில் ஒருவன் மூன்று நாள் தூங்காமல் மக்களைப் படகில் ஏற்றிக் கொண்டுவந்தான். எல்லாரும் அவனைப் பாராட்டினார்கள். “எப்படிடா இருக்க?” என்று கேட்டால் சிரித்துக்கொண்டே, “நல்லாருக்கேன் ஃபாதர்” என்பான். தவக் காலத்தில் ஒருநாள் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். அவனால் எட்டிப் பிடிக்க முடியாமல் போன ஒரு கையைப் பற்றிச் சொன்னான். மாதக்கணக்கில் அதைத் தனியே சுமந்திருக்கிறான். மேலே தொட்டுப் பார்த்து அவன் காய்ந்துவிட்டான் என்று நினைத்திருந்தோம். துயரம் பாவம் அல்ல, நேயர்களே. ஆனால் துயரத்தை ஈரத்தோடு சுருட்டி மூலையில் நிறுத்தினால் அது மனிதரை உள்ளிருந்து அரித்துவிடும். பிரித்துப்போடக் காற்று வேண்டும். கேட்கும் காது வேண்டும். அருகில் இருப்பவர் “நல்லாருக்கேன்” என்று சொன்னால், கைக்குட்டையை வைத்துச் சற்றே அழுத்திப் பாருங்கள். அதாவது, இன்னும் ஒருமுறை கேளுங்கள், கேட்டுவிட்டு உட்கார்ந்திருங்கள்.

பாவமும் அவ்வாறே மறைந்திருக்கும். பெரியவர் ஒன்று சொன்னார்: கம்பளத்தில் கறையைத் துடைத்துவிடுவோம், மறுநாள் அதே இடத்தில் கறை திரும்ப வந்து நிற்கும். ஏனென்றால் காயக் காய, அடியில் உள்ள ஈரம் இழையின் வழியாக மேலேறி அழுக்கையும் சுமந்துகொண்டு வரும். மேலே எத்தனை முறை துடைத்தாலும் அது வரும். அடியில் கழுவினால்தான் நிற்கும். ஒவ்வொரு திருவருகைக் காலத்திலும் ஒப்புரவு அருள்சாதனத்துக்குப் போகிறோம். கோபப்பட்டேன், பொய் சொன்னேன் என்று அதே வரிசையைச் சொல்கிறோம். அந்தக் கோபத்தின் அடியில் பத்து ஆண்டாகக் கிடக்கும் சொத்துத் தகராறு எது? அந்தப் பொய்யின் அடியில் இருக்கும் பயம் எது? அங்கே கத்தியை வைத்து ஓரத்தைக் கிளப்பிப் பார்க்க நமக்குத் துணிவு வேண்டும். எங்களுக்கே அந்தத் துணிவு இல்லாமல்தான் சாம்பிராணி போட்டோம். அந்த ஆண்டு டிசம்பர் 8 அன்றுதான் திருத்தந்தை பிரான்சிஸ் உரோமையில் புனிதக் கதவைத் திறந்து இரக்கத்தின் யூபிலி ஆண்டைத் தொடங்கிவைத்தார். இரக்கத்தைப் பற்றி எத்தனையோ மறையுரைகள் ஆற்றினோம். ஆனால் அந்த அம்மாவின் வீட்டுத் திண்ணையில் நின்று மன்னிப்புக் கேட்ட அன்றுதான் அந்தக் கதவு எங்களுக்குத் திறந்தது.

சேற்றைக் கொண்டுவந்ததும் தண்ணீர்தான், அதைக் கழுவியதும் தண்ணீர்தான். திருமுழுக்கில் நம்மேல் ஊற்றப்பட்ட தண்ணீர் நம்மைக் கழுவிக்கொண்டே இருக்கிறது. அலசுவதை நிறுத்தும்படி நாம்தான் அவசரப்படுகிறோம். கீழே ஓடும் தண்ணீர் தெளியும்வரை அவர் பொறுமையாக இருக்கிறார்.

நிறைவாக, இந்த மழைக்காலத்துக்கு எங்கள் பெரியவரின் அறிவுரைகள் சிலவற்றைச் சொல்லி முடிக்கிறோம். வீட்டுக்குள் தண்ணீர் வந்து வடிந்திருந்தால், உள்ளே போகுமுன் மின் இணைப்பு துண்டிக்கப்பட்டிருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். நனைந்த கையோடு சுவிட்சைத் தொடாதீர்கள். வெறுங்காலோடு சேற்றில் இறங்காதீர்கள். எலிக்காய்ச்சல் வரும், காயம் பட்டால் மருத்துவரிடம் சென்று ஊசி போட்டுக்கொள்ளுங்கள். காப்பீடு இருந்தால் எதையும் எறியுமுன் படம் எடுத்து வையுங்கள். ஈரமாக இருக்கும்போதே சேற்றைத் தள்ளிவிடுங்கள். ஜமுக்காளம், பாய், கம்பளம் எதையும் நனைந்தபடி சுருட்டி வைக்காதீர்கள். சாக்கடை நீர் குடித்த ஸ்பாஞ்சு மெத்தைக்கும் பஞ்சுத் தலையணைக்கும் ஆசைப்படாதீர்கள். பிளீச்சிங் கரைசலைக் கழிப்பறை கழுவும் அமிலத்தோடு ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சு வாயு வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் வீட்டை முடித்துவிட்டால், தனியாக இருக்கும் பக்கத்து வீட்டுப் பாட்டியின் வீட்டை எட்டிப் பாருங்கள்.

மன்றாடுவோம். அன்புத் தந்தையே, வெள்ளத்தில் வீடும் உறவும் இழந்தோரை உம் கையில் ஏந்திக்கொள்ளும். பிறர் வீட்டைக் கழுவும் தொழிலாளரின் கைகளை ஆசீர்வதியும். எங்களுக்குள் காயாமல் கிடப்பதை நாங்களே மூடி மறைக்காதபடி எங்களுக்குத் துணிவு தாரும். உம் திருமகன் வரும்போது, மூலை போயிருந்தாலும் சுத்தமாக இருக்கும் ஓர் இடத்தில் அவர் காலடி படச் செய்தருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக. ஆமென்.

எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார் உங்களை ஆசீர்வதிப்பாராக.